குடும்பம் இருக்கிறதா? ஆம் / இல்லை

சிப்காட்டில் வேலை பார்க்கும் யாருடைய சம்பளச் சீட்டையும் வாங்கிப் பாருங்கள். அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் நூற்றுக்கு 12 ரூபாய் பி.எஃப்.புக்குப் பிடித்திருப்பார்கள். சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் இ.எஸ்.ஐ.க்கு நூற்றுக்கு முக்கால் ரூபாய். கம்பெனி தன் பங்காகக் கட்டும் 12 சதவீதத்தில் 8.33 பென்ஷன் கணக்குக்குப் போகும். கல்யாணம் ஆகிவிட்டதா, யாரோடு குடியிருக்கிறாய் என்று பிடிக்கும்போது எவரும் கேட்பதில்லை. கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையின் பர்சனல் பிரிவில் இந்தப் பிடித்தங்களைப் போட்டுத்தான் நான் தலை நரைத்து ஓய்வு பெற்றேன். பணம் திரும்பி வரவேண்டிய நாளில்தான் கேள்விகள் கிளம்பும். ஆள் இறந்துபோனால், மெஷினில் கை போனால், வந்து நிற்பவரைப் பார்த்து முதலில் கேட்பது இதுதான்: அவருக்கு நீங்கள் என்ன உறவு?

அந்தக் கேள்விக்கு நானும் பதில் சொல்லியிருக்கிறேன். என் கணவர் இங்கே ஒரு ரோலிங் மில்லில் ஃபோர்மேன். இரவு ஷிஃப்ட் முடிந்து வந்தவர் நெஞ்சு வலிக்கிறது என்று திண்ணையில் உட்கார்ந்தார். ஆஸ்பத்திரி வரை போக அவகாசம் இல்லை. எங்கள் கல்யாணம் திருவள்ளூரில், வீரராகவப் பெருமாள் கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு சத்திரத்தில் நடந்தது. பதிவெல்லாம் செய்யவில்லை. கல்யாணத்தைக் கட்டாயம் பதிவு செய்யவேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்ததே 2009-ல்தான். பத்திரிகையும் போட்டோவும் ஒரு மழை வெள்ளத்தில் போய்விட்டிருந்தன. ரேஷன் கார்டில் என் பெயருக்கு எதிரே ‘மனைவி’ என்று இருந்தது. அதை வைத்தே வாரிசுச் சான்றிதழ் வந்தது, பி.எஃப். வந்தது, பென்ஷன் வந்தது. அவரோடு நான் எப்படி வாழ்ந்தேன், எங்களுக்குள் என்ன அன்பு இருந்தது என்று தாலுகா ஆபீசிலோ பி.எஃப். ஆபீசிலோ விசாரிக்கவில்லை. விசாரிக்கவும் கூடாது. மனைவி என்றால் மனைவி.

அந்த பென்ஷன் பெரிய தொகை ஒன்றும் இல்லை. 2014-லிருந்து குறைந்தபட்சம் மாதம் 1,000 ரூபாய் என்று வைத்திருக்கிறார்கள். நான் வாங்குவது அதைவிடக் கொஞ்சம் கூட. ஆனாலும் மாதாமாதம் அது வரும்போது, அவர் இன்னும் வீட்டுக்கு ஏதோ கொடுத்துக்கொண்டிருக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றும். அதற்காக வருடத்துக்கு ஒரு தடவை உயிரோடு இருக்கிறேன் என்று விரலை வைத்துக் காட்டவேண்டும். என் விரலில் ரேகை பிடிக்கும். ஃபர்னஸிலும் ரோலிங்கிலும் வேலை பார்த்த பழைய ஆட்கள் பாவம். ரேகை தேய்ந்து, எண்ணெய் தடவித் துடைத்துத் துடைத்து வைத்தாலும் மெஷின் ஏற்காது. கடைசியில் கண்ணைக் காட்டிவிட்டு வருவார்கள்.

என் வெளிவேலைகளை எல்லாம் ஒரே காலையில் முடித்துவிடுவது வழக்கம். தோளில் ஒரு பை. அதற்குள் பாஸ்புக், ஸ்மார்ட் கார்டு, கேஸ் புத்தகம், நூலகத்தில் திருப்பிக் கொடுக்கவேண்டிய புத்தகம். ரேஷன் கடையில் ஆரம்பித்து, பேங்க், போஸ்ட் ஆபீஸ், பஜாரில் காய்கறி, கடைசியாக நூலகம். வழியில் யாராவது நிறுத்துவார்கள். கும்மிடிப்பூண்டி பஜாரில் தமிழும் தெலுங்கும் சரிபாதி. ஆரம்பாக்கம் தாண்டினால் ஆந்திரா. இப்போது ஒடியாவும் இந்தியும் அதே அளவுக்குக் காதில் விழுகின்றன. பீகார், ஜார்க்கண்ட் பையன்கள்கூட செல்போனை நீட்டி, “அக்கா, பி.எஃப்.” என்பார்கள். ஓய்வு பெற்றவள் என்று எவரும் என்னை விட்டுவைக்கவில்லை. எனக்கும் அது பிடித்திருக்கிறது.

அப்படி வந்தவர்கள்தான் அந்த இரண்டு பெண்களும். யாரென்று அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காக ஊரையும் வேலையையும் சொல்லாமல் விடுகிறேன். இருவரும் சிப்காட்டில் வேறு வேறு கம்பெனி. ஒரே லைன் வீட்டில் பல வருடங்களாகச் சேர்ந்து வாழ்கிறார்கள். கதவைத் திறந்தால் ஒரு அறை, அடுத்தது சமையலறை. ஒரே அடுப்பு, ஒரே கட்டில். தெருவில் சிலருக்குத் தெரியும், சிலர் தெரியாததுபோல் இருப்பார்கள். பி.எஃப். கணக்கில் நாமினி பெயரை ஆன்லைனில் ஏற்றச் சொல்லி கம்பெனியில் நெருக்கியதால் போனோடு என் வீட்டுக்கு வந்தார்கள். யூ.ஏ.என். நம்பரும் ஓ.டி.பி.யும் போட்டு உள்ளே போனால் முதல் கேள்வி: குடும்பம் இருக்கிறதா? ஆம், இல்லை.

பெரியவள் என்னைப் பார்த்தாள். “ஃபேமிலி இருக்கான்னு கேக்குது அக்கா. என்னன்னு போடறது?”

அந்த விதிகளை நான் கரைத்துக் குடித்தவள். பி.எஃப். திட்டம் 1952-ல் வந்தது. அதன்படி குடும்பம் என்றால் கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், நம்மை நம்பியிருக்கும் அப்பா அம்மா. குடும்பம் இருந்தால் அவர்களை மட்டும்தான் நாமினியாகப் போடமுடியும். வேறு பெயர் போட்டால் செல்லாது. குடும்பமே இல்லாதவர் யாரை வேண்டுமானாலும் போடலாம். சின்னவளுக்கு அப்பா அம்மா இருவரும் இல்லை. அவள் ‘இல்லை’ என்று அழுத்தி, பெரியவள் பெயரை ஏற்றினாள். பெரியவளுக்கு ஊரில் அம்மா இருக்கிறார், மகள் அனுப்பும் பணத்தில்தான் சாப்பாடு. அவள் ‘ஆம்’ என்று அழுத்தவேண்டும். அழுத்தினால் அம்மா பெயர் மட்டும்தான் ஏறும்.

“அம்மாவுக்குப் போகட்டும் அக்கா, அது வேணும்தான். இவளுக்கும் ஒரு பங்கு போடணுமே.”

அவள் கேட்டதில் என்ன தப்பு? கணவன் என்று ஒருவன் இருந்தால் அம்மாவுக்குப் பாதி, அவனுக்குப் பாதி என்று நானே போட்டுக் கொடுத்திருப்பேன். நேற்று கட்டிய கணவன் என்றாலும் போட்டிருப்பேன். ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடும் இருவரில் ஒருத்திக்குக் குடும்பம் இல்லை, இன்னொருத்திக்கு இருக்கிறது, ஆனால் அந்தக் குடும்பத்தில் இவள் இல்லை. சின்னவள் அதுவரை ஒன்றும் பேசாமல் இருந்தவள், அவள் தோளைத் தொட்டு, “அம்மா பேரையே போடு” என்றாள்.

பி.எஃப். ஒரு துண்டுதான். வேலையில் விபத்து நடந்து தொழிலாளி இறந்தால் இ.எஸ்.ஐ. அவருடைய சராசரிக் கூலியில் 90 சதவீதத்தைச் சார்ந்திருப்பவர்களுக்கு மாதாமாதம் கொடுக்கிறது. ஃபர்னஸ் நிறைந்த இந்த ஊரில் அந்தப் பணம் எத்தனை வீட்டில் அடுப்பெரிய வைக்கிறது என்று எனக்குத் தெரியும். அந்தப் பட்டியலில் மனைவி உண்டு, பிள்ளைகள் உண்டு, தாய் உண்டு. கூட வாழ்ந்தவள் இல்லை. பழைய சட்டங்களை எல்லாம் சேர்த்து 2020-ல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு என்று ஒன்றை இயற்றினார்கள். அதிலும் குடும்பத்தின் எல்லை இந்த விஷயத்தில் நகரவில்லை.

பெரியவளுக்குத் திருவள்ளூர் பக்கம் ஒரு சின்ன மனை இருக்கிறது, சீட்டுப் போட்டு வாங்கியது. அதில் பாதியைச் சின்னவள் பேருக்கு எழுதிவைக்கலாமா என்று விசாரிக்க நானும் கூடப் போனேன். பெரியபாளையம் வழியாக பஸ் மாறிப் போனோம். அன்று அமாவாசை. வீரராகவர் கோயில் குளத்தில் வெல்லம் கரைக்க வந்த கூட்டத்தில் தேரடி வரை நடக்க இடமில்லை. பத்திர எழுத்தர் நல்ல மனிதர். விவரத்தைக் கேட்டுக்கொண்டு, “ரெண்டு பேருக்கும் என்னம்மா உறவுமுறை?” என்றார். குடும்பத்துக்குள் செட்டில்மென்ட் எழுதினால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதற்கும் உச்சவரம்பு உண்டு. வெளியாருக்கு எழுதினால் 7 சதவீதம், உச்சவரம்பு கிடையாது, பதிவுக் கட்டணம் தனி. பெரியவளுடைய தம்பி இவளோடு பேசியே பல வருடம் ஆகிறது. அவனுக்கு எழுதினால் 1 சதவீதம். தினமும் இவளுக்கு டிபன் பாக்ஸ் கட்டிக் கொடுக்கிறவளுக்கு எழுதினால் 7.

சின்னவளுக்குக் குடல்வால் ஆபரேஷன் நடந்தபோது படிவத்தில் கையெழுத்துப் போட உறவினர் வேண்டும் என்றார்களாம். பெரியவள் ‘தங்கை’ என்று எழுதிப் போட்டிருக்கிறாள். ரேஷன் கார்டில் இருவர் பெயரும் இன்னும் அவரவர் ஊரில்தான் இருக்கிறது. இங்கே மளிகைக் கடையில்தான் அரிசி வாங்குகிறார்கள். ஒருபாலினத் துணைவர்களை ரேஷன் கார்டுக்கு ஒரே குடும்பமாகக் கொள்ளவேண்டும் என்று 2024-ல் மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியது. கூட்டுக் கணக்கு தொடங்கவும் துணைவரை நாமினியாகப் போடவும் தடையில்லை என்று அதே ஆண்டு ஆகஸ்டில் வங்கிகள் விஷயத்திலும் தெளிவாக்கியது. இவை நல்ல காரியங்கள். ஆனால் வங்கி நாமினி என்பவர் பணத்தை வாங்கி வாரிசுகளுக்குக் கொடுக்கவேண்டியவர் மட்டுமே என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொல்லிவிட்டது. வாரிசு யார் என்ற கேள்வி வந்ததும், பழைய இடத்துக்கே வந்து நிற்போம்.

இந்த விவகாரம் உச்ச நீதிமன்றத்துக்குப் போய் வந்த கதையைப் பேப்பரில் படித்திருப்பீர்கள். 2018 செப்டம்பர் 6-ல் ஒருபாலின உறவின் மேல் 377-ஆம் பிரிவு சுமத்திய குற்றப்பழி நீங்கியது. 2023 அக்டோபர் 17-ல் ஐந்து நீதிபதிகள் அமர்வு, திருமணம் செய்துகொள்வது அரசியல் சாசனம் தரும் அடிப்படை உரிமை இல்லை என்று ஒருமனதாகச் சொன்னது. இணைந்து வாழ்வதற்காவது சட்ட அங்கீகாரம் வேண்டும் என்ற தலைமை நீதிபதி சந்திரசூட், நீதிபதி கவுல் ஆகியோரின் கருத்து மூவருக்கு இருவர் என்று தோற்றது. மறுசீராய்வு மனுக்கள் 2025 ஜனவரியில் தள்ளுபடியாயின. அத்தோடு எல்லாம் முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அந்தத் தீர்ப்பில் நம் ஊருக்கு மிகவும் வேண்டிய ஒரு சங்கதி இருக்கிறது. இப்படிப்பட்ட திருமணங்களை அங்கீகரித்துச் சட்டம் இயற்றும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு மட்டுமல்ல, மாநிலச் சட்டமன்றங்களுக்கும் உண்டு என்று சந்திரசூட் எழுதியிருக்கிறார். திருமணமும் மணவிலக்கும் பொதுப்பட்டியலில் ஐந்தாவது இனம். அந்தக் கதவை முன்பு திறந்த மாநிலம் எது என்று தமிழ்நாட்டில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எங்கள் வீட்டிலேயே அந்தக் கதவு வழியாக வந்தவர் ஒருவர் உண்டு, என் சித்தி. சித்தப்பா ரயில்வேயில் வேலை, கறுப்புச் சட்டைக்காரர். 1958-ல் திருவள்ளூரில் மாலை மாற்றிக் கல்யாணம் செய்துகொண்டார். ஐயர் இல்லை, ஓமம் இல்லை, தலைமை தாங்க ஒருவர், கேட்க ஒரு கூட்டம். பாட்டி கடைசி வரை அதைக் கல்யாணம் என்று ஒத்துக்கொள்ளவில்லை. பாட்டியை மட்டும் சொல்லி என்ன? சென்னை உயர் நீதிமன்றமே 1953-ல் சுயமரியாதைத் திருமணம் இந்துச் சட்டப்படி செல்லாது என்று தீர்ப்பளித்திருந்தது. 1928-ல் அருப்புக்கோட்டை பக்கம் சுக்கிலநத்தத்தில் தொடங்கி அதற்குள் எத்தனையோ ஜோடிகள் அந்த முறையில் மணந்து, பிள்ளை பெற்று, வீடு கட்டி வாழ்ந்துகொண்டிருந்தார்கள். ஒரே தீர்ப்பில் அந்தப் பெண்கள் மனைவி இல்லை என்றாகிவிட்டது. சித்தி கோயில் திருவிழாவுக்குக்கூட எங்கள் வீட்டுக்கு வரமாட்டார். வந்தால் யாராவது ஏதாவது சொல்லிவிடுவார்கள் என்று பயம்.

1967-ல் அண்ணா முதலமைச்சரானதும் இந்துத் திருமணச் சட்டத்தில் தமிழ்நாட்டுக்கென்று 7ஏ என்ற பிரிவைச் சேர்த்துச் சட்டமன்றம் திருத்தம் செய்தது. குடியரசுத் தலைவர் ஒப்புதலோடு 1968 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. உறவினர், நண்பர், அல்லது வேறு யாராவது முன்னிலையில், இருவருக்கும் புரிந்த மொழியில், இவரை நான் ஏற்றுக்கொள்கிறேன் என்று சொன்னால் போதும். அல்லது மாலையோ மோதிரமோ தாலியோ ஏதாவது ஒன்று போதும். அதைவிடப் பெரிய விஷயம், அந்தச் சட்டம் பின்னோக்கியும் பாய்ந்தது. முன்பே அப்படி நடந்த கல்யாணங்கள் எல்லாம், நடந்த அந்த நாளிலிருந்தே செல்லும். 1958-ல் மணந்த என் சித்தி 1968-ல் மனைவியானார், 1958-லிருந்தே மனைவியாக. பல வருடம் கழித்துச் சித்தப்பா போனபோது ரயில்வே குடும்ப பென்ஷன் ஒரு தடங்கலும் இல்லாமல் வந்தது. அப்போது எனக்குக் கல்யாணமாகி ஒரு குழந்தை. அந்தப் பென்ஷன் புத்தகத்தைச் சித்தி பூஜை அறையில் வைத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். சாமி கும்பிடாத மனிதரின் பென்ஷன் புத்தகம்.

பெண் பிள்ளைகளுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு தரும் திருத்தத்தையும் தமிழ்நாடு 1989-லேயே செய்தது. மத்திய அரசு அதைச் செய்ய 2005 ஆயிற்று. இப்படிச் செய்து பழகிய சட்டமன்றம் நம்முடையது. நீதிமன்றங்களும் இங்கே சும்மா இருக்கவில்லை. தூத்துக்குடியில் கோயிலில் மணந்துகொண்ட ஓர் ஆண், ஒரு திருநங்கை ஆகியோரின் திருமணத்தைப் பதிவாளர் மறுத்தபோது, மணமகள் என்றால் திருநங்கையும்தான் என்று நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் 2019 ஏப்ரலில் மதுரைக் கிளையில் தீர்ப்பளித்தார். மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இரண்டு இளம்பெண்களின் வழக்கில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயத்தைப் புரிந்துகொள்ளத் தானே ஓர் உளவியலாளர் முன் உட்கார்ந்து கேட்டறிந்த பிறகுதான் 2021 ஜூனில் உத்தரவு எழுதினார். நெஞ்சு நிறைந்து படித்த செய்தி அது. அதே நீதிபதி 2023 நவம்பரில், சேர்ந்து வாழ்பவர்கள் குடும்ப இணைவு ஒப்பந்தம் ஒன்றைப் பதிவு செய்துகொள்ள வழி செய்யலாமே என்று மாநில அரசிடம் யோசனை சொன்னார். 2025 மே மாதம், பெற்றோர் அடைத்துவைத்த 25 வயதுப் பெண்ணின் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம், குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றுதான் வழி என்றில்லை என்று சொன்னது. நீதிபதிகள் இத்தனை தூரம் வந்த பிறகு சட்டமன்றம் ஏன் பேசாமல் இருக்கிறது?

என் பையில் நூலகப் புத்தகம் ஒன்று எப்போதும் இருக்கும் என்றேன். சென்ட்ரல் போகும் லோக்கல் ரயில் கும்மிடிப்பூண்டியிலேயே கிளம்புவதால் ஜன்னல் ஓரம் எனக்கு நிச்சயம். கவரைப்பேட்டை, பொன்னேரி வரை நிம்மதியாகப் படிக்கலாம். மீஞ்சூரில் கூட்டம் ஏறிவிடும், அத்திப்பட்டு தாண்டினால் சாம்பல் காற்று. அதற்குள் ஒரு அத்தியாயம் முடிந்திருக்கும். ‘கரிப்பு மணிக’ளில் ராஜம் கிருஷ்ணன் எழுதிய உப்பளத்துப் பெண்களை அப்படித்தான் படித்தேன். ‘மரப்பசு’ படித்து முடித்த அன்று தி. ஜானகிராமன் மேல் எனக்கு இரண்டு நாள் கோபம். கல்யாணமே வேண்டாம் என்கிற அம்மணியை விடவும் முடியவில்லை, ஏற்கவும் முடியவில்லை. அ. மாதவையா ‘முத்து மீனாட்சி’யை 1903-லேயே எழுதிவிட்டார், குழந்தை விதவை மறுபடி மணந்துகொள்கிற கதை. கல்யாணம் என்பதை இப்படித் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்த இலக்கியம் நம்முடையது. சு. சமுத்திரத்தின் ‘வாடா மல்லி’யும், லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான் வித்யா’வும், ரேவதியின் ‘வெள்ளை மொழி’யும் எனக்கு அந்த வரிசையில் வந்தவைதான். வித்யா தன் பெயரை ஆவணங்களில் மாற்ற அலைந்த பக்கங்களை ஆபீஸ்காரியான நான் மூச்சுவிடாமல் படித்தேன். எந்த மேஜையில் எந்தத் தாளைத் திருப்பி அனுப்புவார்கள் என்பது எனக்குத் தெரியுமே.

அந்தப் புத்தகங்களில் ஒன்றின் கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருந்த தேதித் தாள் நிரம்பி, அதன்மேல் இன்னொரு தாளை ஒட்டியிருந்தார்கள். எடுத்துப் போனவர்கள் யார் என்று தெரியாது, ஊதா மை முத்திரைகள் மட்டும். வீட்டு வரியோடு ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரி கட்டும் இந்த ஊர்க்காரர்கள்தான் அத்தனை பேரும். ஊர் இதையெல்லாம் தாங்காது என்று மேடையில் பேசுகிறவர்கள் அந்தத் தாளைப் பார்க்கவேண்டும்.

இது மாநகரத்து ஆங்கிலம் பேசுகிறவர்களின் பிரச்சினை, உழைக்கிற சனத்துக்கு இதெல்லாம் எதற்கு என்கிறார்கள். எனக்கு மிகவும் கோபம் வருவது இந்தப் பேச்சில்தான். பணக்காரர்களுக்கு வக்கீல் உண்டு, ஆடிட்டர் உண்டு. உயில், அறக்கட்டளை, கூட்டுச் சொத்து என்று எதையாவது எழுதிக்கொள்வார்கள். வேண்டுமென்றால் தைவானுக்கோ தாய்லாந்துக்கோ போய்ப் பதிவும் செய்துகொள்வார்கள். லைன் வீட்டில் இருக்கிறவளுக்கு உள்ள சொத்தெல்லாம் பி.எஃப்., இ.எஸ்.ஐ., கிராஜுவிட்டி. மூன்றும் குடும்பம் யார் என்று கேட்டுத்தான் கையை நீட்டும்.

மதத்துக்கு விரோதம் என்பவர்களுக்கு 1967-ன் பதில்தான் இன்றும். சட்டம் எந்தக் கோயிலையும் சர்ச்சையும் பள்ளிவாசலையும் கட்டாயப்படுத்தவேண்டாம். 7ஏ வந்ததால் எந்தக் கோயிலில் தாலி கட்டுவது நின்றது? பிள்ளை பெறாத கல்யாணம் எதற்கு என்போரும் உண்டு. அறுபது வயதில் மறுமணம் செய்துகொண்டவர்களுக்கு நான் பி.எஃப். படிவம் நிரப்பியிருக்கிறேன், பிள்ளை பெறுவீர்களா என்று அதில் ஒரு கேள்வியும் இல்லை.

யோசிக்கவைக்கும் ஆட்சேபம் என் சித்தப்பா மாதிரி ஆட்களிடமிருந்து வருகிறது. கல்யாணமே பெண்ணை அடிமையாக்கும் ஏற்பாடு என்று பெரியார் சொன்னாரே, அதை இன்னும் சிலருக்கு விரித்துக் கொடுப்பதா என்கிறார்கள். நான் இதைத் தள்ளிவிடமாட்டேன். கல்யாணத்துக்குள் அடி வாங்கிய பெண்கள் எத்தனையோ பேர் என் மேஜை முன் அழுதிருக்கிறார்கள். ஆனால் பெரியார் கல்யாணத்தை விட்டு ஒதுங்கிப் போய்விடவில்லை. ஒப்பந்தமாக்கினார், சமமாக்கினார், ஊர் ஊராகப் போய்த் தலைமை தாங்கி நடத்திவைத்தார். அடிக்கிற துணையிடமிருந்து தப்பிக்கவும், பிரிந்தால் ஜீவனாம்சம் கேட்கவும், சேர்த்த சொத்தைப் பங்கு கேட்கவும் முதலில் உறவு சட்டத்தின் கண்ணில் படவேண்டும். இன்று அந்த இருவரில் ஒருத்தி இன்னொருத்தியை ஏமாற்றிவிட்டுப் போனால் போய் நிற்க ஓர் இடம் இல்லை.

நான் கேட்பது இவைதான். ஒன்று, 7ஏ-யில் ‘மனைவி’, ‘கணவன்’ என்றிருக்கும் இடங்களில் வாழ்க்கைத் துணை என்ற சொல்லையும் சேர்த்து, இருவர் யாராக இருந்தாலும் செல்லும் என்று திருத்தம் கொண்டுவரவேண்டும். அந்தப் பிரிவு இந்துக்களுக்கு மட்டும் உரியது. அதனால் எந்த மதத்தவரும், மதமே இல்லாதவரும் பதிவு செய்துகொள்ளக்கூடிய தனிச் சட்டமும் கூடவே வேண்டும். டெல்லி ஒப்புதல் தராமல் இழுத்தடிக்கலாம். தரட்டும், தராமல் போகட்டும். சட்டமன்றத்தில் நிறைவேறிய மசோதா ஒன்று மேஜையில் இருந்தால்தான் அடுத்த கேள்வியையே கேட்கமுடியும். அதற்குக் காத்திராமல் மாநில அரசு தன் கையாலேயே செய்யக்கூடியவையும் உண்டு. முத்திரைத் தீர்வைச் சலுகையில் குடும்பம் என்பதற்குள் சேர்ந்து வாழும் துணையைச் சேர்க்கலாம். ரேஷன் கார்டில் ‘துணை’ என்று ஒரு உறவுமுறையை ஏற்றலாம். அரசு ஆஸ்பத்திரிகளில் நோயாளி எழுதிக்கொடுத்த ஆள் கையெழுத்துப் போடலாம் என்று உத்தரவிடலாம். மாநில அரசு ஊழியர்களின் குடும்ப பென்ஷன் விதிகள் முழுக்க மாநிலத்தின் கையில்தான் இருக்கின்றன. நீதிபதி சொன்ன குடும்ப இணைவு ஒப்பந்தத்தைப் பதிவாளர் அலுவலகங்கள் ஏற்கும்படி செய்யலாம். பி.எஃப்.பும் இ.எஸ்.ஐ.யும் மத்திய அரசுடையவை. ஆனால் மாநிலம் திருமணம் என்று பதிவு செய்துவிட்டால், சித்தியின் ரயில்வே பென்ஷனைப் போல அவர்களும் அதற்குப் பதில் சொல்லியே ஆகவேண்டும்.

அதுவரைக்கும் என்னிடம் வருகிறவர்களுக்கு நான் சொல்வது, உடனே உயில் எழுதுங்கள். முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. இரண்டு சாட்சிகள் போதும், பதிந்துவைத்தால் பிறகு சண்டை குறையும். வங்கியில் கூட்டுக் கணக்கு தொடங்கி ஒருவரை ஒருவர் நாமினியாகப் போட்டுக்கொள்ளுங்கள். எல்.ஐ.சி. பாலிசி இருந்தால் உயிலில் அதன் நம்பரையும் எழுதுங்கள். அந்த இருவரும் எழுதிவிட்டார்கள். மனைப் பத்திரத்தை மட்டும் இன்னும் எழுதவில்லை, அந்த 7 சதவீதத்துக்குச் சீட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

கும்மிடிப்பூண்டி தொகுதியில் ஓட்டுக் கேட்டு எங்கள் தெருவுக்கு வருகிறவர்களிடம், அவர்கள் எந்தக் கட்சியானாலும், சாலையையும் குடிநீரையும் கேட்ட கையோடு இதையும் கேட்கப்போகிறேன். ஜெயித்தால் முதல் கூட்டத்தொடரிலேயே 7ஏ திருத்தத்துக்குத் தனிநபர் மசோதா கொடுப்பீர்களா, மாட்டீர்களா?